அமெரிக்காவில் பள்ளியிலிருந்தே மருத்துவ இடம்: பிஎஸ்/எம்டி சேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகளின் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பிஎஸ்/எம்டி என்பது, இளநிலைப் பட்டப்படிப்புக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் 12ஆம் வகுப்பிலேயே சேர்த்து இடம் தரும் திட்டம். என் மகள் சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய திட்டங்களுக்கு விண்ணப்பித்து, அவற்றுள் ஒன்றில் சேர்ந்து படித்தவள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பை ஒரு முறை வாசித்துவிட்டு இதனுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் பிளஸ் டூ முடித்ததும் எம்பிபிஎஸ் சேர்வதைப் போன்றதுதானா இது?

பார்க்க அப்படித் தோன்றினாலும் அமைப்பு வேறு. தமிழ்நாட்டில் நீட் மதிப்பெண்ணைக் கொண்டு நேராக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அமெரிக்காவிலோ முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், அதற்கிடையே எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு, பிறகு மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம், அதன்பின் நான்கு ஆண்டு எம்டி (இங்கே மருத்துவராவதற்கான முதல் பட்டமே இதுதான்) என்பதே வழக்கமான பாதை. 2023இல் அந்தப் பாதையில் ஏறக்குறைய 52,000 பேர் விண்ணப்பித்து, ஏறக்குறைய 23,000 பேர் எம்டி கல்லூரிகளில் சேர்ந்தார்கள். பிஎஸ்/எம்டி திட்டத்தில் இந்த இரண்டு சேர்க்கைகளும் 12ஆம் வகுப்பிலேயே முடிவாகின்றன. ஆனாலும் பெரும்பாலும் படிப்பது இரண்டு நிறுவனங்களில், வாங்குவது இரண்டு பட்டங்கள். இளநிலைப் படிப்பின்போது விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்கும் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எத்தனை ஆண்டுகள் ஆகும்? ஆண்டுகளை மிச்சப்படுத்தலாமா?

எட்டு ஆண்டுத் திட்டங்களும் உண்டு, ஏழும் ஆறும் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பிஎல்எம்இ எட்டு ஆண்டுத் திட்டம். ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் இத்தகைய திட்டம் அங்கே மட்டுமே உள்ளது. எங்கள் மாநிலத்தில் காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி, நியூ ஜெர்சி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து நடத்துவது ஏழு ஆண்டுத் திட்டம். கன்சாஸ் நகரிலுள்ள மிசூரி பல்கலைக்கழகம் 1971இலிருந்து ஆறு ஆண்டுத் திட்டத்தை நடத்திவருகிறது. அங்கே இளநிலைப் பாடங்களும் மருத்துவப் பாடங்களும் முதலாண்டிலிருந்தே ஒன்றாக நடக்கும். கோடை விடுமுறை பெரும்பாலும் கிடைக்காது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, டோசன்ட் எனப்படும் மூத்த மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள்.

ஆறு ஆண்டு என்றதும் பெற்றோரின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். எம்டி முடித்த பிறகு குடும்ப மருத்துவத்துக்கு 3 ஆண்டுகளும் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு 7 ஆண்டுகளும் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி இருக்கிறது. அவ்வளவு நீண்ட பயணத்தில் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளைப் பிடித்து இழுத்துச் சேமிப்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்மையில்லை என்பது என் கருத்து. பதினேழு வயதில் வரலாறோ இசையோ படிக்கவும், ஒரு கோடையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கவும் எட்டு ஆண்டுத் திட்டத்தில்தான் இடமிருக்கிறது.

நாங்கள் இன்னும் ஹெச்-1பி வேலை விசாவில்தான் இருக்கிறோம். பிள்ளை விண்ணப்பிக்கலாமா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ஆனால் நம்மவர்கள் பலர் கட்டுரை எழுதி, பரிந்துரைக் கடிதம் வாங்கி, கட்டணம் கட்டிய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே ஏற்கின்றன. இரண்டு வயதில் இங்கே வந்து, பள்ளிப் படிப்பு முழுவதையும் இங்கேயே முடித்த பிள்ளையாக இருந்தாலும், ஹெச்-1பி பெற்றோரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருந்தால் பல கல்லூரிகள் அவரை வெளிநாட்டு மாணவராகவே கணக்கிடும். சில கல்லூரிகள் இளநிலையில் விசா மாணவரைச் சேர்த்துக்கொண்டாலும், அதே திட்டத்தின் மருத்துவக் கல்லூரி சேர்ப்பதில்லை.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளைக்கு 21 வயது நிறையும்போது ஹெச்-4 தகுதி முடிந்துவிடுகிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசையோ எங்கோ நிற்கிறது. எட்டு ஆண்டுத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டு நடக்கும்போதே அந்த வயது வந்துவிடும். 2002இல் வந்த குழந்தைகள் தகுதிப் பாதுகாப்புச் சட்டம் சில குடும்பங்களுக்கு வயதைக் கணக்கிடுவதில் சலுகை தருகிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் 10ஆம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். அரசின் மாணவர் கடனும் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. இவற்றையெல்லாம் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்கள். சேர்க்கைக் கடிதம் வந்தபின் தெரிந்துகொள்வதைவிட, பட்டியல் போடும்போதே தெரிந்துகொள்வதை அந்த வயதுப் பிள்ளையால் தாங்க முடியும்.

கட்-ஆஃப் எவ்வளவு?

நம் ஊர்ப் பழக்கத்தில் எழும் கேள்வி. இங்கே அதற்குப் பதில் இல்லை. குறைந்தபட்ச மதிப்பெண்ணைச் சில திட்டங்கள் அறிவிக்கின்றன. விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் அதைத் தாண்டியவர்களாகவே இருப்பார்கள். பிரவுனின் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள்; சேர்வது நூறுக்கும் குறைவானவர்கள். நியூ யார்க்கின் புரூக்ளின் கல்லூரித் திட்டத்தில் ஆண்டுக்கு 15 இடங்கள்தான். கடினமான பாடங்களை எடுத்து அவற்றில் நல்ல மதிப்பெண் பெற்றிருப்பதும், எஸ்ஏடி அல்லது ஏசிடி என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வில் மேல்தட்டில் இருப்பதும் உங்கள் விண்ணப்பத்தை மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேசையில் அது நிலைப்பதற்குக் காரணம் வேறு. எஸ்ஏடியில் 1550 வாங்கிய பிள்ளையை மூன்றாம் முறை தேர்வெழுத வைக்கும் சனிக்கிழமையை, அந்தப் பிள்ளை ஒரு முதியோர் இல்லத்தில் செலவிட்டிருக்கலாம்.

மருத்துவ அனுபவம் என்று எதைக் கருதுகிறார்கள்? பதினாறு வயதுப் பிள்ளையை எந்த மருத்துவமனை உள்ளே விடும்?

பல மருத்துவமனைகள் விடுவதில்லை என்பது உண்மைதான். நோயாளியின் அந்தரங்கம் காக்கும் சட்டத்தையும் வயது வரம்பையும் காரணம் காட்டுவார்கள். ஆனால் நோயுற்றவர்கள் இருக்கும் இடம் மருத்துவமனை மட்டும் அன்று. முதியோர் இல்லம், உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான கோடை முகாம், இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஆகியவை பள்ளி மாணவர்களை ஏற்கின்றன. நியூ ஜெர்சியின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தன்னார்வ முதலுதவிப் படைகளும் பதினாறு வயதினரைப் பயிற்சி நிலையில் சேர்த்துக்கொள்கின்றன.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவி, இரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் மதிய உணவு ஊட்ட உதவினாள். பக்கவாதத்தால் முகத்தின் இடப்பக்கம் தொய்ந்துபோன ஒரு பாட்டிக்குக் கரண்டியை வாயின் வலப்பக்கமாகவே கொடுக்க வேண்டும், தொண்டை ஒரு முறை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும், இடக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று முடிவில் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள உதவியாளர் ஒருவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு கிண்ணம் தயிரை ஊட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகுமாம். அவள் எழுதிய கட்டுரை அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றியது. விருதுகளும் ஆய்வுத் தாளும் அவளிடம் இருந்தன; நேர்காணலில் மூன்று பேர் அந்தத் தயிரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

கோடையில் மதுரைக்கோ கோவைக்கோ போகும்போது, மருத்துவராக இருக்கும் மாமாவின் கிளினிக்கில் இருந்துவிட்டு வரலாமா?

உட்கார்ந்து பார்க்கலாம், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முன்பே நூறு பேர் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் கூடத்தையும், மூன்று நிமிடத்துக்குள் ஒரு நோயாளியிடம் எதைக் கேட்பது எதை விடுவது என்று முடிவெடுக்கும் மருத்துவரையும் பார்ப்பது இங்கே எளிதில் கிடைக்காத பாடம். ஆனால் ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவ அறையில் கைகொடுப்பது போன்ற எதையும் பிள்ளை செய்யக் கூடாது. பயிற்சியும் உரிமமும் இல்லாத மாணவர்கள் வெளிநாடுகளில் இப்படிச் செய்வதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் வெளிப்படையாகவே எச்சரித்துள்ளது. பாட்டி ஊரில் போட்ட தையலைப் பெருமையாக எழுதிய விண்ணப்பம், அந்த ஒரு வரியாலேயே ஒதுக்கப்படலாம். அதைவிட முக்கியமாக, மேசைமீது படுத்திருப்பவருக்கு அது நியாயம் அன்று.

கட்டுரைகளில் என்ன எழுத வேண்டும்?

வழக்கமான பல்கலைக்கழகக் கட்டுரைகளுக்கு மேல், ஏன் மருத்துவம், ஏன் இப்போதே முடிவெடுக்க வேண்டும், ஏன் இந்தத் திட்டம் என்ற மூன்று கேள்விகளுக்கு ஏதேனும் ஒரு வடிவில் பதில் எழுத வேண்டியிருக்கும். மூன்றில் கடினமானது இரண்டாவது. வழக்கமான பாதையில் இன்னும் மூன்று ஆண்டுகள் யோசிக்க நேரம் இருக்கும்போது, பதினேழு வயதில் உறுதி சொல்கிற பிள்ளை, தான் எதைக் கண்டு அந்த உறுதிக்கு வந்தது என்பதைக் காட்ட வேண்டும். தாத்தாவின் மரணத்தைப் பற்றி ஆயிரம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். தாத்தாவின் மருந்துப் பெட்டியில் காலைக்கும் இரவுக்கும் மாத்திரைகளை அடுக்கிய பிள்ளை, அடுக்கும்போது தான் எங்கே தவறினேன் என்பதை எழுதினால் அது வேறு கட்டுரை. தேர்வுக்குழு அந்த வேறுபாட்டை உடனே காணும்.

நேர்காணல் எப்படி இருக்கும்?

மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் பேசுவது ஒரு முறை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல கல்லூரிகளுக்குப் பரவிய எம்எம்ஐ இன்னொரு முறை: வரிசையாகப் பல அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு சூழல், கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் தாளை இரண்டு நிமிடம் வாசித்துவிட்டு உள்ளே போய்ச் சில நிமிடங்கள் பேச வேண்டும். தேர்வில் ஏமாற்றிய நண்பனைப் பற்றியோ, சிகிச்சையை மறுக்கும் நோயாளியைப் பற்றியோ கேட்பார்கள். அங்கே மனப்பாடம் செய்த விடை காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளை மாற்றுக் கருத்துச் சொல்லும்போது இடையில் குறுக்கிடாமல் கேட்கும் பெற்றோர், எந்தப் பயிற்சி மையமும் தராத பயிற்சியைத் தருகிறார்கள்.

இடம் கிடைத்துவிட்டால் மருத்துவர் ஆவது உறுதிதானே?

நிபந்தனையோடு கூடிய உறுதி. இளநிலையில் ஜிபிஏ எனப்படும் சராசரி மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெரும்பாலும் அது 4க்கு 3.5ஐ ஒட்டி இருக்கும். சில திட்டங்கள் எம்கேட் கேட்பதில்லை, பிரவுன் அவற்றுள் ஒன்று; வேறு சில குறிப்பிட்ட மதிப்பெண்ணைக் கேட்கின்றன. எம்கேட் 472 முதல் 528 வரை மதிப்பிடப்படும் தேர்வு. இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். வழக்கமான பாதையில் மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களின் சராசரியே 511, 512 அளவில் இருக்கிறது. அந்தச் சராசரிக்கு நிகரான மதிப்பெண்ணையே ஒரு திட்டம் நிபந்தனையாக வைத்தால், அது தரும் பாதுகாப்பு என்ன என்று நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில. ஜிபிஏ கணக்கு மொத்தப் பாடங்களுக்கா, அறிவியல் பாடங்களுக்கு மட்டுமா? கரிம வேதியியலில் ஒரு பாடத்தில் சி வாங்கினால் வெளியேற்றமா, எச்சரிக்கையா? உடல்நலக் குறைவால் ஒரு பருவம் விடுப்பு எடுத்தால் இடம் காத்திருக்குமா? பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரமான ஏபி பாடங்களின் மதிப்பை மருத்துவக் கல்லூரி ஏற்குமா? எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இளநிலைக் கல்லூரி ஏற்ற ஏபி வேதியியலை மருத்துவக் கல்லூரி ஏற்காததால், பிள்ளை மூன்றாம் ஆண்டில் முதலாண்டுப் பாடத்தைத் திரும்ப எடுக்க நேர்ந்தது.

திட்டங்களே மூடப்படுவதும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1961இல் தொடங்கிய புகழ்பெற்ற திட்டம் புதிய மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அண்ணன் படித்த திட்டம் தம்பிக்கும் இருக்கும் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம்.

சேர்ந்த பிறகு வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா? செலவு எவ்வளவு?

பல திட்டங்களில் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பித்த கணமே கையிலுள்ள இடம் போய்விடும். இதைப் பணத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டும். கடன் வாங்கிப் படித்த எம்டி பட்டதாரிகளைக் கடன் அளவில் வரிசைப்படுத்தினால், நடுவில் இருப்பவரின் கடன் ஏறக்குறைய 2,00,000 டாலர். நியூ யார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018இலும், பிராங்க்ஸ் பகுதியின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024இலும் எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2024இலிருந்து ஆண்டு வருமானம் 3,00,000 டாலருக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு நீக்கியது. டெக்சாஸில் அரசு மருத்துவக் கல்லூரிகள் 90 விழுக்காடு இடங்களை மாநிலத்தாருக்கே தர வேண்டும் என்பது சட்டம், கட்டணமும் குறைவு. எனவே டெக்சாஸில் வாழும் ஒரு குடும்பம், வெளிமாநிலத்தில் விலை உயர்ந்த பிஎஸ்/எம்டி இடத்தை ஏற்கும் முன் நன்றாகக் கணக்குப் போட வேண்டும்.

கடன் விதியும் மாறியிருக்கிறது. 2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள்தான் கிடைக்கும். இன்று 12ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போது இந்த வரம்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்கிடுங்கள்.

எத்தனை திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

இருபத்தைந்து இடங்களுக்கு விண்ணப்பித்து அக்டோபர் மாதம் முழுவதும் தூங்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். எட்டு போதும் என்பேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு. அந்த நோக்கத்தை வாசித்து, அது பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே தேர்வு. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத் திட்டம் ஆண்டுக்கு 28 மாணவர்களைச் சேர்ப்பது, மருத்துவர் இல்லாத அம்மாநிலச் சிற்றூர்களுக்காக. நியூ யார்க்கின் ஹார்லெமில் 1973இல் தொடங்கி, சோஃபி டேவிஸ் பெயரால் அறியப்பட்ட சிட்டி கல்லூரித் திட்டம், வசதி குறைந்த மக்களிடையே பணியாற்றும், குடும்ப மருத்துவர் போன்ற முதல்நிலைச் சிகிச்சை மருத்துவர்களை உருவாக்குவதற்காக. சியெனா பல்கலைக்கழகமும் ஆல்பனி மருத்துவக் கல்லூரியும் நடத்தும் திட்டம் இலக்கியம், தத்துவம் போன்ற கலைப் பாடங்களுக்கும் சேவைக்கும் முதன்மை தருகிறது. ரென்சலேர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அதே ஆல்பனியோடு நடத்துவது ஆய்வாளராக விரும்பும் மருத்துவர்களுக்கானது. ஒரே கட்டுரையை இந்த நான்குக்கும் அனுப்புவது வீண்.

நாள்களைப் பொறுத்தவரை, காமன் ஆப் எனப்படும் கல்லூரிப் பொது விண்ணப்பத் தளம் ஆகஸ்டு 1இல் திறக்கும். பல திட்டங்களுக்கான விண்ணப்பக் கெடு நவம்பரிலேயே முடிந்துவிடும். நேர்காணல்கள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. முடிவுசெய்ய வேண்டிய நாள் மே 1. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் முன்கூட்டிய முடிவு (எர்லி டிசிஷன்) வழியில் விண்ணப்பிப்பதானால், இளநிலை இடம் மட்டும் கிடைத்து மருத்துவ இடம் கிடைக்காதபோதும் சேர்ந்தே ஆக வேண்டுமா என்பதை வாசித்து உறுதிசெய்த பிறகே பெற்றோர் கையொப்பமிட வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு இத்தகைய உறுதியைப் பெற வழி உண்டா?

உண்டு, நம்மவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. இளநிலை இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்கும் திட்டங்களைச் சில மருத்துவக் கல்லூரிகள் நடத்துகின்றன. மவுன்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியின் ஃபிளெக்ஸ்மெட் அவற்றுள் ஒன்று. அதற்கு எம்கேட் வேண்டியதில்லை. டெக்சாஸில் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களுக்கென ஜாம்ப் என்னும் மாநிலத் திட்டம் இருக்கிறது. பத்தொன்பது வயதில் எடுக்கும் முடிவு பதினேழு வயது முடிவைவிடத் தெளிவாக இருக்கும்.

எம்டிக்குப் பதிலாக டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவம்) பட்டம் தரும் திட்டங்கள் இரண்டாந்தரமானவையா?

இல்லை. டிஓ பெற்றவர் அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர். 2020இலிருந்து இரு பட்டத்தாருக்கும் ரெசிடென்சி அங்கீகார முறை ஒன்றே. போட்டி மிகுந்த சில சிறப்புத் துறைகளில் எம்டி பெற்றவர்களுக்கு இன்னும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆலோசகர் தேவையா?

தேவையில்லை. பள்ளிக் கவுன்சலரும், கட்டுரையை வாசித்துக் கேள்வி கேட்கும் ஓர் ஆங்கில ஆசிரியரும் போதும். கட்டுரையை எழுதித் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் எழுதுவதும் தொலைபேசியில் பேசுவதும் பிள்ளையின் வேலை; பெற்றோர் பேசினால் அலுவலகத்தில் அது நினைவில் நிற்கும்.

பிள்ளைக்கு உறுதியில்லை; எங்களுக்குத்தான் ஆசை. விண்ணப்பிக்கலாமா?

வேண்டாம். இதை நான் நயமாகச் சொல்ல விரும்பவில்லை. இந்த நாட்டில் நமக்கு நிலையான இடம் வேண்டும் என்ற கவலை பெற்றோருடையது. அதைப் பிள்ளையின் எட்டு ஆண்டுகளைக் கொண்டு தீர்க்கக் கூடாது. எட்டு ஆண்டுத் திட்டத்திலிருந்து விலகினால் இளநிலைப் பட்டமாவது கையில் இருக்கும். ஆறு ஆண்டுத் திட்டத்தின் நடுவில் விலகுவது அதைவிடக் கடினம். என் மகளிடம் விண்ணப்பத்துக்கு முந்தைய கோடையில், மருத்துவம் இல்லையென்றால் என்ன படிப்பாய் என்று கேட்டேன். மொழியியல் என்றாள். அந்தப் பதில் அவளிடம் இருந்ததால்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு வழி தெரிந்திருந்தும் அவள் இதைத் தேர்ந்தெடுத்தாள்.

எதிலுமே இடம் கிடைக்காவிட்டால்?

விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நடப்பது இதுதான். இந்நாட்டு மருத்துவர்களில் மிகப் பெரும்பாலானோர் வழக்கமான பாதையில் வந்தவர்களே. ஆகவே பட்டியலில் பாதியாவது, மருத்துவத் திட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளை மகிழ்ந்து படிக்கக்கூடிய, கட்டணம் கட்டுப்படியாகும் கல்லூரிகளாக இருக்க வேண்டும். எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தாலும் தேவையான அறிவியல் பாடங்களை முடித்து எம்கேட் எழுதலாம். மூன்றாம் ஆண்டு முடியும் மே, ஜூன் மாதங்களில் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் திறக்கும். முதல் பருவத்தில் பொது வேதியியலோடு பிள்ளைக்குப் பிடித்த ஒரு பாடத்தையும் எடுத்து, மருத்துவ முன்படிப்பு ஆலோசகரைச் சந்திக்கச் செப்டம்பரில் நேரம் வாங்கிவிட்டு, அந்த முதியோர் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போவதை நிறுத்தாமல் இருக்கச் சொல்லுங்கள்.